காம்பியாவின் தூதர் யாருக்காகப் பேசுகிறார்?

மேற்கு ஆப்பிரிக்க வரைபடத்தில் செனகலைக் கண்டுபிடித்துவிட்டால், அதன் வயிற்றுக்குள் ஓர் ஆற்றை ஒட்டி நாடா மாதிரி ஒரு நாடு நீண்டு கிடப்பது தெரியும். அதுதான் காம்பியா. மூன்று பக்கம் செனகல், ஒரு பக்கம் அட்லாண்டிக் கடல். அகலம் எங்கேயும் 50 கிலோமீட்டரைத் தாண்டாது. மக்கள்தொகை 25 லட்சத்துக்குள். நிலக்கடலை, மீன், கடற்கரைக்கு வரும் சுற்றுலாப் பயணிகள், வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் அனுப்பும் பணம், இவற்றை நம்பித்தான் பெரும்பாலோர் பிழைப்பு. 1965 பிப்ரவரி 18 வரை பிரிட்டனின் ஆட்சியில் இருந்தது.

இந்த நாட்டுக்கும் வாஷிங்டனில் ஒரு தூதர் உண்டு. அமெரிக்கா எங்கே, காம்பியா எங்கே! அங்கே போய் அவர் என்ன செய்வார்? அவர் பேச்சை யார் காது கொடுத்துக் கேட்பார்கள்? வெளியுறவுச் செய்திகளைப் புதிதாகப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு இந்தக் கேள்வி வருவது நியாயம்தான். பெரிய நாடுகளின் தூதர்களை வைத்து இதைப் புரிந்துகொள்ளப் பார்த்தால் விருந்து, விமானப்படை, வியாபார ஒப்பந்தம் என்று பல விஷயங்கள் குறுக்கே வந்து மறைத்துவிடும். சின்ன நாட்டின் தூதரிடம் அந்த மறைப்பெல்லாம் கிடையாது. தூதர் என்ற பதவியின் எலும்புக்கூடு அங்கே அப்படியே தெரியும். அதனால்தான் காம்பியாவை எடுத்துக்கொள்கிறேன்.

நம் பழைய கதைகளில் தூது போகிறவர் ஒரு காரியத்துக்காகப் போவார், சொல்ல வேண்டியதைச் சொல்லுவார், பதிலோடு திரும்பி வந்துவிடுவார். இன்றைய தூதர் அந்த ஊரிலேயே வீடு பிடித்துக் குடியிருப்பவர். காரியம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அங்கேதான் இருப்பார். இதற்கான விதிகளை உலக நாடுகள் 1961 ஏப்ரலில் வியன்னாவில் கூடி எழுதின. மொத்தம் 53 பிரிவுகள். 1964இல் நடைமுறைக்கு வந்தன. இன்று ஏறக்குறைய எல்லா நாடுகளும் ஏற்றுக்கொண்டிருக்கும் உடன்படிக்கை அது.

முதலில் நியமனம். ஒரு நாடு தன் இஷ்டத்துக்கு ஒருவரைத் தூதர் என்று அறிவித்து விமானம் ஏற்றிவிட முடியாது. “இன்னாரை அனுப்பலாம் என்று இருக்கிறோம், உங்களுக்குச் சம்மதமா?” என்று ரகசியமாகக் கேட்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் ஒருவரை விட்டு விசாரிக்கிற மாதிரிதான். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் கிடையாது. வந்து உட்கார்ந்த பிறகும், “இவர் எங்களுக்கு வேண்டாதவர்” என்று எந்த நேரத்திலும் சொல்லி அனுப்பிவிடலாம். அதற்கும் காரணம் தேவையில்லை. இந்த அதிகாரம் சின்ன நாட்டுக்கும் சமமாக உண்டு. 2015 ஜூனில் காம்பியா, தன் தலைநகர் பஞ்சுலில் இருந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் பொறுப்புத் தூதரை 72 மணி நேரத்தில் நாட்டை விட்டு வெளியேறச் சொன்னது. ஏன் என்று விளக்கவில்லை. அவர் கிளம்பத்தான் வேண்டியிருந்தது.

சம்மதம் வந்துவிட்டால் அடுத்தது ஒரு கடிதம். நற்சான்றுக் கடிதம் என்று செய்திகளில் வருகிறதே, அதுதான். ஒரு நாட்டின் தலைவர் இன்னொரு நாட்டின் தலைவருக்கு எழுதுவது. சாரம் இவ்வளவுதான்: இவர் என் சார்பில் வருகிறார், இவர் சொல்வதை நான் சொன்னதாக நம்புங்கள். பழைய தூதர் திரும்ப அழைக்கப்பட்டதைச் சொல்லும் கடிதமும் கூடவே போகும். வாஷிங்டனில் புதிய தூதர் முதலில் கடிதத்தின் நகலை வெளியுறவுத் துறையில் கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்கலாம். அப்புறம் ஒரு நாள் வெள்ளை மாளிகையிலிருந்து அழைப்பு வரும். அதே நாளில் இன்னும் சில நாடுகளின் தூதர்களும் குடும்பத்தோடு வரிசையில் காத்திருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் சில நிமிடங்கள். கடிதத்தைக் கையில் கொடுத்து, கை குலுக்கி, ஒரு புகைப்படம். அதோடு வெளியே வந்துவிட வேண்டியதுதான்.

சில நிமிடம்தானே என்று தோன்றலாம். ஆனால் காம்பியா மாதிரி ஒரு நாட்டுக்கு, தன் ஆள் அமெரிக்க ஜனாதிபதியின் அறைக்குள் தன் கொடியின் பெயரால் உரிமையோடு நுழைகிற நிமிடங்கள் அவை. ஜெர்மனியின் தூதருக்கும் அதே கடிதம், அதே சில நிமிடங்கள், அதே புகைப்படம்தான்.

இந்தச் சமத்துவம் எளிதில் வந்துவிடவில்லை. 1661இல் லண்டனுக்குப் புதிதாக வந்த சுவீடன் நாட்டுத் தூதரை வரவேற்கும் ஊர்வலத்தில், பிரான்ஸ் தூதரின் வண்டி முன்னால் போவதா, ஸ்பெயின் தூதரின் வண்டி முன்னால் போவதா என்று தகராறு. இரு தரப்பும் ஆட்களைத் திரட்டி வந்து தெருவில் அடித்துக்கொண்டதில் உயிர்கள் போயின, குதிரைகளும் செத்தன. எந்த அரசன் பெரியவனோ அவன் தூதருக்கே முதலிடம் என்று இருந்த காலம் அது. நெப்போலியன் போர்கள் ஓய்ந்த 1815இல்தான் வியன்னாவில் கூடிய அரசுகள் ஒரு வழி கண்டுபிடித்தன. யார் முதலில் வந்து சேர்ந்தாரோ அவருக்கு முன்னுரிமை. நாட்டின் பரப்பளவும் படைபலமும் கணக்கில் வராது. பஸ் நிறுத்தத்து வரிசை மாதிரி மிக எளிய விதி. எனக்குத் தெரிந்து அரசியல் கண்டுபிடித்த நல்ல விதிகளில் இதுவும் ஒன்று.

இதன் விளைவை வாஷிங்டனில் பார்க்கலாம். அங்கே அதிக காலம் பதவியில் இருக்கும் தூதரே மொத்தத் தூதர் குழுவுக்கும் மூத்தவர். பெரிய நாடுகள் மூன்று நான்கு வருடத்தில் ஆளை மாற்றிவிடும். சின்ன நாடுகள் ஒருவரையே நீண்ட காலம் வைத்திருப்பதும் உண்டு. கிழக்கு ஆப்பிரிக்காவின் குட்டி நாடான ஜிபூட்டியின் தூதர் ரோப்ளே ஓல்ஹாயே 1988 முதல் 2015இல் இறக்கும்வரை அந்தப் பதவியில் இருந்தார். பிரிட்டன், பிரான்ஸ், சீனா எல்லா நாட்டுத் தூதர்களுக்கும் அவர்தான் மூத்தவர். அவருக்குப் பிறகு அந்த இடம் போனது, பசிபிக் தீவு நாடான பலாவின் தூதருக்கு.

பெயர்களில் ஒரு குழப்பம் வரும், அதையும் பார்த்துவிடுவோம். லண்டனிலும் டெல்லியிலும் காம்பியாவின் பிரதிநிதியைத் தூதர் என்று சொல்வதில்லை, ஹைகமிஷனர் என்பார்கள். காமன்வெல்த் நாடுகள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்ளும் பிரதிநிதிகளுக்கு அந்தப் பெயர். வேலை ஒன்றுதான். லண்டனில் மட்டும் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் ஒன்று உண்டு. அரண்மனைக்குக் கடிதம் கொடுக்கப் போகும்போது அரசாங்கமே குதிரை வண்டி அனுப்பும். தூதர் என்றால் இரண்டு குதிரை, ஹைகமிஷனர் என்றால் நான்கு. சடங்கு முடிந்து திரும்பியதும் குதிரைகளுக்குக் கேரட் கொடுப்பது வழக்கம். 2013 அக்டோபரில் காம்பியா காமன்வெல்த்தை விட்டு விலகியது. ஒரே அறிவிப்பில் லண்டன் பிரதிநிதியின் பதவிப் பெயர் தூதர் என்று மாறிப்போனது. ஆள் அதே ஆள், நாற்காலி அதே நாற்காலி.

தூதர் ஊரில் இல்லாதபோதோ, பதவி காலியாக இருக்கும்போதோ அலுவலகத்தைப் பார்த்துக்கொள்கிறவர் பொறுப்புத் தூதர். அப்புறம், ஒரே தூதர் பக்கத்து நாடுகளையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வதும் உண்டு. ஒவ்வொரு தலைநகரிலும் அலுவலகம், வாடகை, சம்பளம் என்றால் சின்ன நாட்டின் கஜானா தாங்காது. பெரிய நாடுகளும் இதைச் செய்யும். காம்பியா சுதந்திரம் அடைந்த தொடக்க காலத்தில் செனகலின் தலைநகர் டக்காரில் இருந்த அமெரிக்கத் தூதரே காம்பியாவுக்கும் தூதர்.

சரி, அன்றாடம் என்ன வேலை? பெரும் பங்கு, தன் ஊர்க்காரர்களின் காகித வேலை. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் இருக்கும் ஒரு காம்பியாக்காரருக்குப் பாஸ்போர்ட் காலாவதியாகிவிட்டால், குழந்தையின் பிறப்பைப் பதிய வேண்டுமென்றால், அப்பா இறந்து உடலை ஊருக்கு அனுப்ப வேண்டுமென்றால் தூதரகத்தின் கதவைத்தான் தட்டுவார். வெளிநாட்டிலிருந்து வரும் பணம் காம்பியாவின் மொத்த உற்பத்தி மதிப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். ஆகவே இந்தக் காகித வேலையைச் சின்ன வேலை என்று ஒதுக்கிவிட முடியாது. அனுப்புகிறவர் சட்டப்படி அங்கே இருந்தால்தான் ஊரில் அடுப்பு எரியும்.

மிச்ச நேரமெல்லாம் கேட்பதிலும் விளக்குவதிலும் போகும். அமெரிக்கா ஆப்பிரிக்க நாடுகளின் பொருள்களுக்கு இறக்குமதி வரி விலக்குத் தரும் திட்டம் ஒன்றை 2000இல் கொண்டுவந்தது. மனித உரிமை நிலைமை மோசம் என்று 2014 டிசம்பரில் காம்பியாவை அதிலிருந்து நீக்கியது. 2016 அக்டோபரில் இன்னொரு அடி. அமெரிக்காவிலிருந்து வெளியேற்ற உத்தரவிடப்பட்ட சுமார் 2,000 காம்பியர்களைத் திரும்ப ஏற்க அந்த அரசு ஒத்துழைக்கவில்லை என்று சொல்லி, காம்பிய அரசு அதிகாரிகளுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் அமெரிக்கா விசா தருவதை நிறுத்தியது. இப்படியான நேரத்தில் தூதரின் நிலையை யோசித்துப் பாருங்கள். ஊரில் எடுத்த முடிவு அவருடையது இல்லை. வாஷிங்டனில் எடுத்த முடிவும் அவருடையது இல்லை. இரண்டுக்கும் நடுவில் நின்று இரு பக்கமும் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

தூதர் வெறுமனே தெருவில் நடந்தாலும் அவரோடு ஒரு நாடு நடக்கிறது. இதற்குக் காம்பியாவை விட்டு, அதே கடற்கரையில் தெற்கே இருக்கும் சியரா லியோனுக்குப் போக வேண்டும். 1961 ஏப்ரல், அந்த நாடு சுதந்திரம் அடையும் தறுவாய். வாஷிங்டனில் அதன் பொறுப்புத் தூதர் வில்லியம் ஃபிட்ஜான், ஓர் உரை நிகழ்த்தக் காரில் வெளியூர் கிளம்பினார். வழியில் மேரிலாந்து மாநிலத்தின் ஹேகர்ஸ்டவுன் ஊரில் ஓர் உணவகத்தில் சாப்பிட நுழைந்தார். கறுப்பர் என்பதால் பரிமாற மறுத்துவிட்டார்கள். பசியோடு வந்த மனிதரை மேஜையிலிருந்து எழுப்பி அனுப்புவதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது? அந்த ஊர்களில் வாழ்ந்த கறுப்பின அமெரிக்கர்களுக்கு அது தினசரி நடந்தது, செய்தியாகக்கூட வரவில்லை. ஃபிட்ஜானுக்கு நடந்தபோது வெளியுறவுத் துறை பதறியது. ஜனாதிபதி கென்னடி அவரை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார்.

அதே வருடம் ஐ.நா. இருக்கும் நியூயார்க்கையும் வாஷிங்டனையும் இணைத்த 40ஆம் எண் சாலையில் வேறு ஆப்பிரிக்கத் தூதர்களுக்கும் இதே அவமானம் நேர்ந்தது. சாலையோர உணவகங்களை மாற்ற அரசு அதிகாரிகள் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். இந்த நிறவெறியை உடைத்தவர்கள் பல வருடம் அடிவாங்கிப் போராடிய கறுப்பின அமெரிக்கர்கள்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் அப்போதுதான் சுதந்திரம் அடைந்த நாடுகளின் பிரதிநிதிகள், சும்மா சாப்பிட உட்கார்ந்ததாலேயே அமெரிக்க அரசை நெளிய வைத்தார்கள். உலகமே பார்த்துக்கொண்டிருந்தது, ஆப்பிரிக்காவின் புதிய நாடுகள் எந்தப் பக்கம் சாயும் என்று சோவியத் யூனியனும் பார்த்துக்கொண்டிருந்தது. பொது உணவகங்களில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டத்தை மேரிலாந்து 1963இல் கொண்டுவந்தது, நாடு முழுவதற்குமான சட்டம் 1964இல் வந்தது.

பெரிய நாடுகளுக்குச் சின்ன நாடுகள் ஏன் தேவை? ஐ.நா. பொதுச்சபையில் சீனாவுக்கும் ஒரு வாக்கு, காம்பியாவுக்கும் ஒரு வாக்கு. பாதுகாப்பு அவையின் தற்காலிக இடங்களில் ஒன்றில் 1998, 1999 இரண்டு வருடமும் காம்பியா உட்கார்ந்திருந்தது. இந்த ஒற்றை வாக்கின் மதிப்பு தெரிய வேண்டுமானால் காம்பியாவின் தூதர்கள் பெய்ஜிங்குக்கும் தைவானின் தலைநகர் தைபேக்கும் இடையே அலைந்த கதையைப் பார்க்க வேண்டும். 1974இல் காம்பியா மக்கள் சீனத்தோடு உறவு ஏற்படுத்திக்கொண்டது. 1994 ஜூலையில் யாஹ்யா ஜாமே என்ற ராணுவ அதிகாரி ஆட்சியைப் பிடித்தார். மேற்கு நாடுகள் உதவியை வெட்டின. கடனும் உதவியும் தர தைவான் முன்வந்தது. 1995இல் காம்பியா தைவானை அங்கீகரிக்க, பெய்ஜிங் உறவை முறித்துக்கொண்டது. தைவானைத் தன் பகுதி என்று சொல்லும் பெய்ஜிங், இரண்டையும் ஒரே நேரத்தில் அங்கீகரிக்க விடாது. ஆகவே ஒரு ஊரில் கொடியை ஏற்றினால் இன்னொரு ஊரில் இறக்கித்தான் ஆக வேண்டும்.

18 வருடம் கழித்து, 2013 நவம்பரில், ஜாமே திடீரென்று தைவானோடு உறவு முடிந்தது என்றார். தைபேக்கே அது அதிர்ச்சி. ஆனால் அப்போது பெய்ஜிங்கும் தைபேயும் ஒருவர் நண்பரை ஒருவர் இழுப்பதில்லை என்று அறிவிக்காத உடன்பாட்டில் இருந்ததால், பெய்ஜிங்கும் உடனே கை நீட்டவில்லை. இரண்டு வருடத்துக்கும் மேல் இரண்டு பக்கமும் இல்லாமல் நின்ற பிறகு, 2016 மார்ச் 17 அன்றுதான் பெய்ஜிங்கோடு உறவு திரும்பியது. தூதரகக் கட்டடம், அலமாரி, முத்திரை, ஊழியர்கள், அங்கே படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் எல்லாம் ஒருவருடைய ஒரு வாய்ச்சொல்லில் அடங்கியிருந்தது.

இங்கேதான் என்னை உறுத்தும் கேள்வி வருகிறது. அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறவர் நாட்டின் தலைவர். அப்படியானால் தூதர் அந்தத் தலைவரின் ஆளா, நாட்டின் ஆளா? பெரும்பாலான நாட்களில் இரண்டும் ஒன்றாகவே இருக்கும், யாரும் கேட்க மாட்டார்கள். 2016 டிசம்பரில் காம்பியாவின் தூதர்கள் ஒவ்வொருவரும் இதற்குப் பதில் சொல்ல வேண்டி வந்தது.

டிசம்பர் 1 அன்று தேர்தல். 22 வருடமாக ஆண்ட ஜாமே தோற்றார். அடாமா பாரோ வென்றார். மறுநாளே ஜாமே தோல்வியை ஒப்புக்கொண்டு, பாரோவுக்குப் போன் செய்து வாழ்த்தினார், அது தொலைக்காட்சியில் வந்தது. நாடே கொண்டாடியது. ஒரு வாரம்தான். டிசம்பர் 9 அன்று தேர்தல் முடிவை ஏற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

தூதர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவர்களை நியமித்தவர் ஜாமே. அவர்கள் கொடுத்த கடிதங்களில் இருந்தது ஜாமேயின் கையெழுத்து. குடும்பம் ஊரில். ஜாமேயை எதிர்த்தவர்கள் சிறைக்குப் போனதும் காணாமல் போனதும் அவர்களுக்குத் தெரியும். அப்படியிருந்தும் பல நாடுகளில் இருந்த பதினோரு காம்பியத் தூதர்கள் சேர்ந்து, மக்கள் தீர்ப்பை ஏற்று அமைதியாகப் பதவி விலகுங்கள் என்று ஜாமேவுக்கு எழுதினார்கள். வாஷிங்டனில் இருந்த தூதர் ஷேக் ஒமர் ஃபாயும் அதையே பகிரங்கமாகச் சொன்னார். ஜனவரியில் ஜாமே ஒரு டஜன் தூதர்களைப் பதவிநீக்கம் செய்தார். அவருடைய பதவிக்காலம் இன்னும் சில நாட்கள் மிச்சம் இருந்ததால் சட்டப்படி அவருக்கு அந்த அதிகாரம் இருக்கத்தான் செய்தது. வேலை போகும் என்று தெரிந்தேதான் அவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அவர்கள் செய்தது விதிக்கு உட்பட்டதா என்று கேட்டால், வியன்னா உடன்படிக்கையின் 3ஆம் பிரிவைக் காட்டுவேன். தூதரகத்தின் முதல் பணி, அனுப்பிய நாட்டைப் பிரதிநிதித்துவம் செய்வது என்கிறது அது. நாடு என்றுதான் எழுதியிருக்கிறது, நாட்டின் தலைவர் என்று இல்லை. பழைய வழக்கம் ஒன்றும் இதையே சொல்கிறது. மன்னர் இறந்தால் அவருடைய தூதர்கள் புது மன்னரிடமிருந்து புதிய கடிதம் வாங்கிக் கொடுக்க வேண்டும். குடியரசில் ஜனாதிபதி மாறினால் அது தேவையில்லை, பழைய கடிதமே செல்லும். கையெழுத்துப் போட்ட கை போனாலும் அனுப்பிய மக்கள் அங்கேயேதான் இருக்கிறார்கள் என்பதுதானே அதன் பொருள்?

2017 ஜனவரி 19. பாரோ பதவியேற்க வேண்டிய நாள். பஞ்சுலில் ஜாமே உட்கார்ந்திருந்தார், பாரோ பாதுகாப்புக்காக செனகலில் இருந்தார். அதற்குச் சில நாள் முன்னால்தான் ஊரில் நாய் கடித்து அவருடைய எட்டு வயது மகன் இறந்திருந்தான். அடக்கத்துக்குக்கூட அவரால் போக முடியவில்லை. எங்கே வைத்துப் பதவியேற்பது? டக்காரில் இருந்த காம்பியத் தூதரகத்தில்.

தூதரகம் என்றால் அந்த நாட்டு மண் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது செனகல் மண்தான். ஆனால் 22ஆம் பிரிவின்படி, தூதரின் அனுமதி இல்லாமல் செனகல் போலீஸ்கூட உள்ளே கால் வைக்க முடியாது. சொந்த நாட்டில் கால் வைக்க முடியாத ஜனாதிபதிக்கு, உலகம் ஒப்புக்கொண்ட காம்பிய வாசற்படி ஒன்று வேண்டியிருந்தது. விலாசம் டக்காராக இருந்தாலும் அது காம்பியாவின் வாசற்படி.

உள்ளே ஒரு சின்ன அறை. கொடி, ஒரு மேஜை, நெருக்கியடித்து நிற்கும் வெளிநாட்டுத் தூதர்கள், கேமராக்கள். வெளியே தெரு நிறைய காம்பியர்கள். வெள்ளை உடையில் பாரோ நின்று, வழக்கறிஞர் சங்கத் தலைவர் சொல்லச் சொல்ல உறுதிமொழி எடுத்தார். அன்றே ஐ.நா. பாதுகாப்பு அவை அவரை ஆதரித்துத் தீர்மானம் போட்டது. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டுப்படை எல்லையைத் தாண்டியது. ஜனவரி 21 இரவு ஜாமே விமானம் ஏறினார். 26ஆம் தேதி பாரோ பஞ்சுலில் வந்து இறங்கினார்.

அந்த வருட டிசம்பரில் அமெரிக்கா விசாத் தடையை நீக்கியது, வரி விலக்குத் திட்டத்திலும் காம்பியாவைத் திரும்பச் சேர்த்தது. 2018 பிப்ரவரி 8 அன்று காம்பியா காமன்வெல்த்துக்குத் திரும்பியது. லண்டனில் இருந்த தூதர் மறுபடி ஹைகமிஷனர் ஆனார்.